அமெரிக்காவில் ஓட்டுரிமை வழக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கினாலே செய்தியில் பாதி நீதிமன்றச் செய்தியாகத்தான் இருக்கும். ஒரு மாநிலத்தின் சட்டத்துக்குத் தடை, இன்னொரு மாநிலத்தின் தொகுதி வரைபடம் ரத்து, தடைக்கு மேல் தடை. எது எதற்காக என்று பிடிபடாமல் குழம்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம். யார் ஜெயித்தார்கள் என்பதோடு, எப்போது ஜெயித்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். இந்த வழக்குகளில் பாதி விஷயம் தேதியில்தான் இருக்கிறது.

ஒரே நாடு, ஒரே அதிபர். அப்புறம் ஏன் மாநிலத்துக்கு ஒரு தேர்தல் சட்டம்?

அரசியலமைப்பே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. நாடாளுமன்றத் தேர்தலை எப்போது, எங்கே, எப்படி நடத்துவது என்பதை அந்தந்த மாநில சட்டமன்றம் முடிவு செய்யும். நாடாளுமன்றம் விரும்பினால் அதை மாற்றலாம். நம்முடைய தேர்தல் ஆணையம் மாதிரி நாடு முழுக்கத் தேர்தல் நடத்தும் அமைப்பு அங்கே கிடையாது. ஃபெடரல் எலெக்‌ஷன் கமிஷன் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது பார்ப்பது தேர்தல் நிதிக் கணக்கை மட்டும்தான். வாக்காளர் பட்டியல், பூத், தபால் ஓட்டு எல்லாம் மாநிலமும் அதன் கீழுள்ள கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி) பார்ப்பவை. அதனால்தான் ஓரிகான் மாநிலத்தில் ஓட்டுச்சீட்டு வீட்டுக்கே தபாலில் வருகிறது. வடக்கு டகோடாவில் வாக்காளர் பதிவு என்ற ஏற்பாடே இல்லை.

நமக்கு விசித்திரமாகப் படக்கூடிய இன்னொன்று: பல மாநிலங்களில் தேர்தலுக்குப் பொறுப்பான அதிகாரியே கட்சிச் சின்னத்தில் ஜெயித்து வந்தவர். 2018இல் ஜார்ஜியாவில் பிரையன் கெம்ப் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டபோது, அந்த மாநிலத்தின் தேர்தல் நிர்வாகத்துக்குத் தலைமை வகித்தவரும் அவரே. இங்கே இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டக்காரர்களே விதியையும் எழுதும்போது, முறையிட மிஞ்சுவது நீதிமன்றம்தான்.

எதற்கெடுத்தாலும் ‘1965 சட்டம்’ என்கிறார்களே, அது என்ன?

இனத்தைக் காரணம் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்று 1870இலேயே 15ஆவது சட்டத் திருத்தம் வந்துவிட்டது. தென் மாநிலங்கள் அதை நேரடியாக மீறவில்லை, சுற்றி வந்தன. ஓட்டுப் போட வரி கட்டு என்றன. எழுத்தறிவுத் தேர்வு வைத்தன. மிசிசிப்பியில் பதிவு செய்யப் போகிறவர், மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியை எழுதி, அதற்குப் பொருள் சொல்ல வேண்டும். சொன்னது சரியா என்று தீர்மானிப்பவர் எதிரே உட்கார்ந்திருக்கும் பதிவாளர். கறுப்பினத்தவர் எவ்வளவு படித்திருந்தாலும் அந்தத் தேர்வில் தேறுவது பதிவாளர் கையில்தான் இருந்தது. அலபாமாவின் செல்மா நகரில் பதிவு அலுவலகம் மாதத்துக்கு இரண்டு நாள்தான் திறக்கும்.

வழக்குப் போடாமல் இல்லை. ஒரு தந்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்தால், மாநிலம் அடுத்த தந்திரத்தைச் சட்டமாக்கிவிடும். அதற்கு மறுபடி முதலிலிருந்து வழக்கு, நடுவில் இரண்டு மூன்று தேர்தல் முடிந்துவிடும். 1965 மார்ச் 7 அன்று செல்மாவின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியதை நாடே டிவியில் பார்த்தது. ஆகஸ்ட் 6 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைத் தெரிந்துகொண்டால் போதும். இரண்டாம் பிரிவு நாடு முழுக்கப் பொருந்தும்: இன அடிப்படையில் ஓட்டுரிமையைப் பறிக்கும் விதி எதுவும் செல்லாது, பாதிக்கப்பட்டால் வழக்குப் போடலாம். ஐந்தாம் பிரிவுதான் உண்மையான பல். பழைய பாவக்கணக்கு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதி எதை மாற்றினாலும், ஒரு பூத்தை இடம் மாற்றுவதானாலும்கூட, மத்திய அரசின் நீதித்துறையிடமோ (இது நீதிமன்றம் அல்ல, நம் சட்ட அமைச்சகம் மாதிரி) வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ முன் அனுமதி வாங்க வேண்டும். மாற்றத்தால் பாதிப்பு இல்லை என்று நிரூபிக்க வேண்டியது மாநிலத்தின் பொறுப்பு. மிசிசிப்பியில் சட்டத்துக்கு முன் 6.7 சதவீதமாக இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு 1967இல் 59.8 சதவீதம் ஆனது.

அந்த முன் அனுமதி இப்போது இல்லையா?

இல்லை. எந்தெந்த மாநிலம் அனுமதி வாங்க வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் ஒரு கணக்கு இருந்தது. அது 1964, 1968, 1972 தேர்தல் விவரங்களை வைத்துப் போட்ட கணக்கு. 2006இல் சட்டத்தை மேலும் 25 ஆண்டுகள் நீட்டித்தபோது செனட்டில் 98–0 என்று வாக்கு விழுந்தது, ஒருவர்கூட எதிர்க்கவில்லை. ஆனால் அந்தப் பழைய கணக்கைப் புதுப்பிக்க யாரும் துணியவில்லை. யாருடைய மாநிலத்தைப் பட்டியலில் சேர்ப்பது என்ற சண்டையைத் தொட எந்த அரசியல்வாதிக்குத்தான் ஆசை வரும்?

அலபாமாவின் ஷெல்பி கவுண்டி போட்ட வழக்கில் 2013 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 5–4 என்ற பெரும்பான்மையில் அந்தக் கணக்கைச் செல்லாது என்றது. நாடு மாறிவிட்டது, பழைய தகவலை வைத்து மாநிலங்களைத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். ஐந்தாம் பிரிவு ஏட்டில் அப்படியே இருக்கிறது, அது யாருக்குப் பொருந்தும் என்ற பட்டியல்தான் இல்லை. நனையவில்லை என்பதற்காக அடைமழையில் குடையைத் தூக்கி எறிவது போல இருக்கிறது இது என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதியதை இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

தீர்ப்புக்குப் பிறகு நடைமுறையில் என்ன ஆனது?

டெக்சாஸைப் பாருங்கள். புகைப்பட அடையாள அட்டை இல்லாமல் நேரில் ஓட்டுப் போட முடியாது என்று 2011இல் ஒரு சட்டம் போட்டார்கள். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் செல்லும். கல்லூரி அடையாள அட்டை செல்லாது. 2012இல் வாஷிங்டன் நீதிமன்றம் முன் அனுமதி தர மறுத்தது. ஷெல்பி தீர்ப்பு வந்த அன்றே, சில மணி நேரத்துக்குள், இனி இந்தச் சட்டம் அமல் என்று மாநில அரசு அறிவித்துவிட்டது. 2014 அக்டோபரில் விசாரணை நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. பதிவு செய்த வாக்காளர்களில் சுமார் 6 லட்சம் பேரிடம் தேவையான அட்டை இல்லை என்பது அந்த விசாரணையில் தெரியவந்த விவரம். தேர்தலுக்கு இன்னும் சில வாரமே இருக்கிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது, உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. சட்டவிரோதம் என்று ஒரு நீதிமன்றம் சொன்ன விதியின் கீழ் நவம்பர் தேர்தல் நடந்து முடிந்தது. அந்தச் சட்டம் சிறுபான்மையினரைப் பாதிக்கிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முழு அமர்வாக உட்கார்ந்து சொன்னது 2016 ஜூலையில்.

சட்டத்தை அன்று தடுத்த அதே குற்றச்சாட்டுதான் நான்கு ஆண்டு கழித்து மறுபடி ஏற்கப்பட்டது. நிரூபிக்கும் சுமை கை மாறியதில் நடுவே ஒரு தேர்தல் போய்விட்டது. ஷெல்பி தீர்ப்பின் உண்மையான விளைவு இதுதான் என்பது என் கருத்து.

வடக்கு கரோலினா கதை இன்னும் வெளிப்படையானது. எந்த இனத்தவர் எந்த வசதியைப் பயன்படுத்துகிறார்கள் என்ற புள்ளிவிவரத்தைச் சட்டமன்றத்தினர் கேட்டு வாங்கினார்கள். பிறகு கறுப்பினத்தவர் அதிகம் பயன்படுத்தியவற்றிலேயே கை வைத்தார்கள்: முன்கூட்டியே ஓட்டுப் போடும் நாட்கள் 17இலிருந்து 10 ஆயின, ஒரே நாளில் பதிந்து ஓட்டுப் போடும் வசதி போனது. கிட்டத்தட்ட அறுவை சிகிச்சைத் துல்லியத்தோடு கறுப்பின வாக்காளர்களைக் குறிவைத்திருக்கிறார்கள் என்று 2016இல் நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் (வட்டாரம் என்பது சில மாநிலங்கள் சேர்ந்த எல்லை) எழுதி, அந்தப் பிரிவுகளை ரத்து செய்தது.

அட்டை காட்டச் சொல்வதில் என்ன தப்பு? நம்மூரில் காட்டுகிறோமே!

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. நம்மூரில் வாக்காளர் அட்டையை அரசே கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் ஆதார், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை என்று ஒரு நீண்ட பட்டியலில் எதையாவது காட்டலாம். அமெரிக்காவில் எல்லோர் கையிலும் இருக்கிற தேசிய அடையாள அட்டை என்று ஒன்றில்லை. பெரும்பாலோர் காட்டுவது ஓட்டுநர் உரிமம். கார் ஓட்டாத கிழவிக்கும், ஏழைக்கும் அது இருக்காது. மாநிலம் இலவச அட்டை தருகிறது என்றாலும் அதை வாங்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அலுவலகத்துக்குப் போய்வர வண்டி வேண்டும், ஒரு நாள் கூலியை விட வேண்டும்.

இந்தியானா மாநிலத்தின் அட்டைச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2008 ஏப்ரல் 28 அன்று 6–3 என்று ஏற்றது. ஆள்மாறாட்டத்தைத் தடுப்பது மாநிலத்தின் நியாயமான அக்கறை என்றது. அப்படி நேரில் வந்து ஆள்மாறாட்டம் செய்த சம்பவம் எதுவும் அந்த மாநிலத்தில் நடந்ததாக வழக்கில் சான்று இல்லை என்றும் அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது. அடுத்த வாரமே அங்கே கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல். சவுத் பெண்ட் நகரில் எண்பது தொண்ணூறு வயதைத் தாண்டிய கன்னியாஸ்திரிகள் பத்துப் பன்னிரண்டு பேர் ஓட்டுப் போட வந்தார்கள். கையில் செல்லுபடியாகும் அட்டை இல்லை. பூத்தில் பணியில் இருந்தவரும் அதே மடத்துக் கன்னியாஸ்திரிதான். எல்லோரையும் நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சட்டப்படி திருப்பி அனுப்பினார்.

வடக்கு டகோடாவில் அட்டையில் தெரு முகவரி இருக்க வேண்டும் என்றார்கள். பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலங்களில் பல வீடுகளுக்குத் தெருப் பெயரே கிடையாது, தபால் பெட்டி எண்தான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை தர மறுத்ததும், பழங்குடி நிர்வாகங்கள் அவசர அவசரமாக முகவரி போட்டு இலவச அட்டை அச்சடித்துக் கொடுத்தன.

என்னைக் கேட்டால், அட்டை கேட்பதில் தப்பில்லை. எந்த அட்டை செல்லும், அதை யார் தேடிப் போக வேண்டும் என்பதில்தான் எல்லாச் சூதும் இருக்கிறது.

தேர்தல் நெருங்கிவிட்டால் நீதிமன்றம் தலையிடாதா?

தலையிடக் கூடாது என்பதே இப்போது ஏறக்குறைய விதி. 2006இல் அரிசோனா தொடர்பான பர்செல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: கடைசி நேரத்தில் விதியை மாற்றினால் வாக்காளர்கள் குழம்புவார்கள், மத்திய நீதிமன்றங்கள் நிதானிக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘கடைசி நேரம்’ எப்போது தொடங்குகிறது என்று எங்கும் எழுதப்படவில்லை.

அலபாமாவில் நடந்ததைப் பாருங்கள். மக்கள்தொகையில் சுமார் 27 சதவீதம் கறுப்பினத்தவர். ஏழு தொகுதிகளில் அவர்கள் பெரும்பான்மையாக இருந்தது ஒன்றில். இது இரண்டாம் பிரிவை மீறுவதாகத் தெரிகிறது, புது வரைபடம் போடுங்கள் என்று மூன்று நீதிபதிகள் 2022 ஜனவரியில் சொன்னார்கள். தேர்தல் நவம்பரில். பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்துவிட்டது. 2022 தேர்தல் பழைய வரைபடத்தில் நடந்தது. 2023 ஜூனில் அதே உச்ச நீதிமன்றம், கீழ் நீதிமன்றம் சொன்னதே சரி என்று 5–4இல் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் மாநில சட்டமன்றம் இரண்டாவது தொகுதியைச் சுமார் 40 சதவீதத்தில் நிறுத்தி ஒரு வரைபடம் போட்டது. கடைசியில் நீதிமன்றம் நியமித்த நிபுணர் வரைந்ததில்தான் 2024 தேர்தல் நடந்தது. அந்தத் தொகுதியில் ஷோமாரி ஃபிகர்ஸ் ஜெயித்தார்.

2020 ஏப்ரலில் விஸ்கான்சினில் கொரோனா நடுவே தேர்தல். தபால் ஓட்டு வந்து சேரக் கீழ் நீதிமன்றம் கூடுதல் நாள் கொடுத்திருந்தது. வாக்குப்பதிவுக்கு முதல் நாள் உச்ச நீதிமன்றம் சொன்னது, வாக்குப்பதிவு நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழுந்திருக்க வேண்டும் என்று. பலருக்கு அதுவரை சீட்டே வந்து சேரவில்லை. வழக்கமாக 180 பூத்கள் இருக்கும் மில்வாக்கி நகரில் அன்று திறந்திருந்தவை ஐந்து. முகக்கவசத்தோடு மணிக்கணக்கில் வரிசை.

இந்தியாவில் இந்தத் தலைவலி வேறு மாதிரி தீர்ந்துவிட்டது, அதற்குக் காரணமான வழக்கு நம்முடையது. முதல் பொதுத்தேர்தலின்போது நாமக்கல் தொகுதியில் பொன்னுசாமி என்பவரின் வேட்புமனுவைத் தேர்தல் அதிகாரி தள்ளுபடி செய்தார். அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார், உச்ச நீதிமன்றம் போனார். தேர்தல் நடவடிக்கை தொடங்கிவிட்டால் நடுவில் நீதிமன்றம் குறுக்கிடக் கூடாது, குறை இருந்தால் முடிந்த பிறகு தேர்தல் மனு போடு என்று 1952இல் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 329ஆவது பிரிவைக் காட்டிச் சொன்னது. தொகுதி மறுவரையறை உத்தரவுக்கும் அதே பிரிவு கவசம். ஆனால் இங்கே கோடு போடுவது தனி ஆணையம். அங்கே பெரும்பாலும் ஆளுங்கட்சி. அந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

கட்சி லாபத்துக்காகத் தொகுதியை வெட்டினாலும் வழக்குப் போட முடியாதா?

இனத்தை வைத்து வெட்டினால் போடலாம். கட்சியை வைத்து வெட்டினால் மத்திய நீதிமன்றத்தில் இடமில்லை. அது அரசியல் கேள்வி என்று 2019இல் உச்ச நீதிமன்றத்தில் ருச்சோ என்ற வழக்கில் 5–4இல் முடிவானது. தெற்கில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறார்கள். அதனால் ‘நாங்கள் இனத்தைப் பார்க்கவில்லை, கட்சியைத்தான் பார்த்தோம்’ என்பது மாநிலங்களுக்கு ரெடிமேட் பதிலாகிவிட்டது. 2024இல் தெற்கு கரோலினா வழக்கில் அந்தப் பதில் எடுபட்டது. லூசியானா கதை தலைகீழ்: நீதிமன்றம் சொல்லித்தான் கறுப்பினப் பெரும்பான்மையுள்ள இரண்டாவது தொகுதியை உருவாக்கினார்கள், அப்படி உருவாக்கியதே இனப் பாகுபாடு என்று வேறு வாக்காளர்கள் வழக்குப் போட, உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் இரண்டாம் முறையாக வாதம் கேட்டது.

மாநில நீதிமன்றத்தில் வழி உண்டு. பென்சில்வேனியாவின் ஏழாவது தொகுதியைப் பார்த்தால், டிஸ்னி கார்ட்டூனின் கூஃபி டொனால்ட் டக்கை எட்டி உதைப்பது போலவே இருக்கும். அப்படித்தான் ஊரே அதைக் கூப்பிட்டது. 2018இல் மாநில உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் அரசியலமைப்பைக் காட்டி அந்த வரைபடத்தைக் கிழித்தது. குடியரசுக் கட்சிக்கு 13, ஜனநாயகக் கட்சிக்கு 5 என்றிருந்த கணக்கு அடுத்த தேர்தலில் 9–9 ஆனது. ஆனால் இந்த வழி நிரந்தரமில்லை, மாநில நீதிபதிகளையே பல இடங்களில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வடக்கு கரோலினா உச்ச நீதிமன்றம் 2022இல் வரைபடத்தை ரத்து செய்தது. அந்த ஆண்டு நீதிபதி தேர்தலில் பெரும்பான்மை மாறியது. 2023இல் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்றது.

யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாமா?

மத்திய நீதித்துறை போடலாம். நடைமுறையில் பெரும்பாலும் போடுவது வாக்காளர்களும் அமைப்புகளும்தான். ஆனால் இரண்டாம் பிரிவின்படி தனியார் வழக்குப் போடவே முடியாது, அரசு மட்டுமே போடலாம் என்று எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் ஒரு குண்டைப் போட்டது. ஏழு மாநிலங்கள் அதன் வரம்பில் வருகின்றன. அரசு மாறினால் வழக்கும் மாறும் என்பதற்கு ஜார்ஜியாவே சாட்சி: 2021இல் அந்த மாநிலச் சட்டத்தின் மேல் நீதித்துறை போட்ட வழக்கை 2025இல் நீதித்துறையே கைவிட்டது. ஓட்டு வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுப்பதைக் குற்றமாக்கியது அந்தச் சட்டம்தான்.

சிறைக்குப் போய் வந்தவர்கள்?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மெய்ன், வெர்மான்ட் இரண்டிலும் சிறையில் இருந்தபடியே ஓட்டுப் போடலாம். ஃபுளோரிடாவில் தண்டனை முடித்தவர்களுக்கு ஓட்டுரிமை தர 2018இல் மக்களே வாக்கெடுப்பில் சம்மதித்தார்கள். அடுத்த ஆண்டே சட்டமன்றம், அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் பாக்கியில்லாமல் கட்டியிருக்க வேண்டும் என்று சேர்த்தது. யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பார்க்க மாநிலத்திடம் ஒரே இடத்தில் கணக்கு இல்லை. இருந்தும் 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 6–4இல் அதை ஏற்றது.

அங்கே குடியுரிமை வாங்கிய தமிழர்களுக்கு இதில் என்ன?

இரண்டு விஷயம். முதலாவது பெயர். ஜார்ஜியாவில் பதிவுப் படிவத்தில் உள்ள விவரம் அரசுப் பதிவேட்டோடு அச்சு அசலாகப் பொருந்த வேண்டும் என்ற விதியால் 2018இல் 53,000 பதிவுகள் நிலுவையில் நின்றன. ஓட்டுநர் உரிமம் எடுத்தபோது வெளிநாட்டவராக இருந்து, பிறகு குடியுரிமை பெற்றவர்களும் அதில் சிக்கினார்கள். சான்றைப் பூத்திலேயே காட்டி ஓட்டுப் போடலாம் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இனிஷியல் ஓர் ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயராக விரிந்து நிற்கும் நம் ஆட்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுத்து இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது மொழி. ஒரு மொழிச் சிறுபான்மையினர் ஒரு பகுதியில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் அவர்கள் மொழியிலும் ஓட்டுச்சீட்டு தர வேண்டும் என்று 1975இல் வாக்குரிமைச் சட்டத்தில் சேர்த்தார்கள். நியூயார்க்கின் குவீன்ஸில் வங்காளத்தில் சீட்டு வந்தது இப்படித்தான். சீட்டு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தாலும், படிக்க முடியாதவர் தனக்கு நம்பிக்கையான ஒருவரை உதவிக்கு அழைத்துப் போகலாம். முதலாளியும் தொழிற்சங்க ஆளும் மட்டும் கூடாது. 2014இல் டெக்சாஸின் வில்லியம்சன் கவுண்டியில் வங்காளம் பேசும் ஓர் அம்மா மொழிபெயர்க்க மகனைக் கூட்டிப் போனார். மகனுடைய பதிவு பக்கத்துக் கவுண்டியில் இருந்ததால், மாநிலச் சட்டப்படி கூடாது என்று பூத்தில் தடுத்துவிட்டார்கள். மத்தியச் சட்டத்துக்கு அது முரண் என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அம்மா அப்பாவுக்குக் குடியுரிமை வாங்கிக் கொடுத்து முதன்முதலாகப் பூத்துக்குக் கூட்டிப் போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பூத்தில் ‘உங்கள் பெயர் இல்லை’ என்று சொல்லிவிட்டால்?

சண்டை வேண்டாம், வெளியே வந்துவிடவும் வேண்டாம். தற்காலிக ஓட்டுச்சீட்டு கேளுங்கள். மத்தியத் தேர்தலில் அதைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தச் சீட்டு தனி உறையில் போகும். தகுதி உறுதியானால்தான் எண்ணப்படும். அட்டை இல்லாததுதான் சிக்கல் என்றால், சில நாளுக்குள் அலுவலகத்துக்குப் போய்க் காட்ட வேண்டியிருக்கும். எத்தனை நாள் என்பது மாநிலத்தைப் பொறுத்தது, ஜார்ஜியாவில் மூன்றே நாள்தான். உங்கள் ஓட்டு எண்ணப்பட்டதா, இல்லையென்றால் ஏன் என்று பிறகு தெரிந்துகொள்ள ஒரு எண்ணோ இணைய முகவரியோ எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் துண்டுச்சீட்டை வாங்காமல் பூத்தை விட்டு நகராதீர்கள்.